பிளக் கேட்பதும் கொயில் கொடுப்பதும்

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு வழி மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடமும் கொழும்பு வீதிகளில் ஓடியவை ஏற்கெனவே இங்கே இருந்த விட்ஸ், அக்சியோ, அல்டோ, வகன் ஆர், அக்குவா, ஃபிட் கார்கள்தான். இவற்றில் பலவற்றை விற்கும்போது, பெற்றோலைப் பொறியால் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கைப் பற்றிச் சொல்லப்பட்ட ஒரு வாக்கியம் உண்டு: "உள்ளுக்கு இருக்கிறது இரிடியம் பிளக். ஒரு இலட்சம் ஓடும், கை வைக்கவே தேவையில்லை." அந்த ஒரு இலட்சம் இன்று பல கார்களில் முடிந்துவிட்டது. ஜப்பானில் ஓடி, மீற்றர் குறைக்கப்பட்டு வந்து இறங்கிய கார் என்றால் எப்போதோ முடிந்திருக்கும்.

அதன் அடையாளம் இப்படித்தான் வரும். காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். சும்மா நிற்கும்போதும் பெரிய நடுக்கம் இருக்காது. நாலு பேர் ஏறி, ஏசியும் போட்டுத் தெஹிவளை மேம்பாலத்தில் ஏறும்போது மட்டும் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். ஏசியை நிறுத்தினால் சரியாகிவிடும். மழை நாளில் கொஞ்சம் கூடும். உடனே த்ரொட்டில் பொடி சுத்தம் செய்வார்கள், இன்ஜெக்டர் கழுவுவார்கள், 95 ஒக்டேன் அடித்துப் பார்ப்பார்கள். பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது கடைசியாகத்தான் வரும். அது முதலில் வர வேண்டிய வேலை. செலவும் நேரமும் குறைவு. கழற்றிய பிளக் அந்தச் சிலிண்டருக்குள் என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லும்.

ஏன் மேம்பாலத்தில் மட்டும் வெட்டுகிறது என்பது விளங்கினால் இக்னிஷன் முழுவதும் விளங்கிய மாதிரி. ஆகவே அங்கிருந்தே தொடங்கலாம்.

பற்றரி தருவது 12 வோல்ட். அதைப் பொறிக்குத் தேவையான அளவுக்கு உயர்த்துவது கொயில். கொயிலுக்குள் ஓர் இரும்பு உள்ளகத்தைச் சுற்றி இரண்டு கம்பிச் சுற்றுகள். முதற்சுற்று தடித்த கம்பி, சில நூறு சுற்று. இரண்டாம் சுற்று மயிரிழை போன்ற கம்பி, ஏறத்தாழ அதைப்போல நூறு மடங்கு சுற்று. முதற்சுற்றில் சுமார் 3 மில்லிசெக்கன் மின்சாரம் ஓடிக் காந்தப்புலத்தை வளர்க்கிறது. பிறகு எஞ்சினின் கணினியான ஈசீயூவின் கட்டளைப்படி அந்த மின்சாரம் சட்டென்று வெட்டப்படுகிறது. புலம் சரியும்போது முதற்சுற்றில் சில நூறு வோல்ட்டும் இரண்டாம் சுற்றில் 20,000, 30,000 வோல்ட்டும் எழும். தீப்பொறி பிறப்பது மின்சாரம் கொடுக்கும்போது அல்ல, வெட்டும் நொடியில். சார்ள்ஸ் கெட்டரிங் உருவாக்கி 1910 கடிலாக் காரில் வந்த முறையின் அடிப்படையும் இதுதான். வெட்டும் வேலையை அப்போது பொயின்ட் என்ற தொடுமுனை செய்தது, இப்போது டிரான்சிஸ்டர் செய்கிறது.

கொயில் ஒவ்வொரு முறையும் 30,000 வோல்ட்டை முழுதாகக் கொட்டுவதில்லை. மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பிளக்கின் இடைவெளியைத் தாண்ட எவ்வளவு போதுமோ அந்த இடத்தில் பொறி பாயும், ஏற்றமும் அங்கேயே நிற்கும். புதுப் பிளக், லேசான அக்சிலேட்டர் என்றால் 10,000 வோல்ட் அளவிலேயே பாய்ந்துவிடும். அது பிளக் கேட்பது. கொயிலால் முடிந்த உச்சம் அது கொடுக்கக்கூடியது. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் கையிருப்பு. எந்தக் காரின் இக்னிஷன் நலத்தையும் இந்தக் கையிருப்பைக் கொண்டே அளக்க வேண்டும்.

பிளக் கேட்பதைக் கூட்டுபவை நான்கு: தேய்ந்து அகன்ற இடைவெளி, கூர்மை போய் உருண்டுவிட்ட முனை, சிலிண்டருக்குள் கூடும் அழுத்தம், பெற்றோல் குறைந்த கலவை. கொயில் கொடுப்பதைக் குறைப்பவை: தளர்ந்த பற்றரி, துருப்பிடித்த ஏர்த் வயர், கொயிலுக்கும் பிளக்குக்கும் நடுவிலுள்ள ரப்பர் உறையான பூட்டில் வெடிப்பு, சூடேறிய கொயில். சும்மா நிற்கும் எஞ்சினில் த்ரொட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும், உள்ளே போகும் காற்று குறைவு, அழுத்தமும் குறைவு. மேம்பாலத்தில் மிதிக்கும்போது காற்று நிறையப் புகும், அழுத்தம் ஏறும், பிளக் கேட்பதும் ஏறும். ஏசி கம்பிரசரும் அதே சுமையில் ஒரு பங்கு சேர்க்கும். கேட்பது கொடுப்பதைத் தாண்டும் அந்த நொடியில் ஒரு வெடிப்பு தவறும். அதுதான் அந்த வெட்டு, கராஜ் பேச்சில் "மிஸ்".

தவறிய பொறியின் மின்னழுத்தம் சும்மா மறைந்துவிடாது. பிளக்கில் பாய வழியில்லை என்றால் அது கொயிலின் உச்சம் வரை ஏறி வேறு வழி தேடும். ரப்பர் பூட்டைத் துளைக்கும், பீங்கானின் மேற்பரப்பில் ஓடும், கொயிலின் உள்ளே கம்பிச் சுற்றுகளுக்கு நடுவிலுள்ள காப்பை எரிக்கும். தேய்ந்த பிளக் கொயிலைக் கொல்வது இப்படித்தான். ஒரு கொயில் செத்ததும் அதை மட்டும் புதிதாகப் போட்டு, பழைய பிளக்குகளை அப்படியே விட்டால், அடுத்த கொயிலும் அதே வழியில் போகும். கொயில் மாற்றும் நாளில் பிளக்குகளையும் கழற்றிப் பார்க்காத வேலை அரைகுறை வேலை என்பேன்.

இதே காரணத்தால்தான் பிளக்கைக் கழற்றி, எஞ்சின் தலையின் மேல்மூடியான டாப்பெட் கவரில் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றிப் பொறி பார்ப்பது நம்பத்தக்க சோதனை இல்லை. திறந்த காற்றில் 1 மில்லிமீற்றரைத் தாண்ட ஏறக்குறைய 3,000 வோல்ட் போதும். அழுத்தத்துக்குள் அதே இடைவெளி பல மடங்கு கேட்கும். வெளியே நீலமாகப் பாய்ந்த பொறி உள்ளே பாயாமல் போகலாம். பிளக்கின் மேல் நேரே உட்காரும் கொயில்களில் இந்த விளையாட்டு கொயிலையோ ஈசீயூவையோ கெடுக்கவும் கூடும். இடைவெளியைத் திருகி அகலப்படுத்தக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் ஒன்று வாங்கினால் பல காருக்கும் உதவும்.

கிலோமீற்றர் சொல்லாத கணக்கு

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு பிளக்கும் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை பொறிக்கும். நகரத்துக்குள் சராசரி வேகம் மணிக்கு 15 கிலோமீற்றர், எஞ்சின் சராசரியாக நிமிடத்துக்கு 1,200 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 கிலோமீற்றர் ஓட ஏறத்தாழ 667 மணித்தியாலம். ஒரு பிளக் பொறிப்பது சுமார் 2 கோடி 40 இலட்சம் முறை. அதே 10,000 கிலோமீற்றரை தெற்கு அதிவேகப் பாதையில் மணிக்கு 80 வேகத்தில், 2,200 சுற்றில் ஓடினால் 125 மணித்தியாலம், சுமார் 82 இலட்சம் பொறி. மீற்றரில் இரண்டும் ஒரே எண். பிளக்குக்கோ ஏறக்குறைய மூன்று மடங்கு வித்தியாசம். காலி வீதியில் காலையும் மாலையும் ஊர்ந்து கழிக்கும் காருக்குப் புத்தகத்தில் உள்ள கிலோமீற்றரை அப்படியே எடுப்பது தவறு.

குறுந்தூர ஓட்டம் இன்னொரு விதத்திலும் கெடுக்கும். பிளக்கின் பீங்கான் மூக்கு சுமார் 450 பாகை செல்சியஸைத் தாண்டினால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். வெள்ளவத்தையில் ஏறி பம்பலப்பிட்டியில் இறங்கும் ஓட்டத்தில் அந்தச் சூடு வருவதே இல்லை. படிந்த கரி மின்சாரம் கடத்தும். பொறி இடைவெளியில் பாயாமல் கரி வழியே கசிந்து போகும். வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் நிற்காமல் ஓடும் ஓட்டம் ஒன்று இருந்தால் பிளக் சுத்தமாக இருக்கும்.

660 சீசீ வகன் ஆர், ஜப்பான் அல்டோ போன்றவை அதே வேகத்துக்குப் பெரிய எஞ்சினைவிடக் கூடச் சுற்றுபவை. அவற்றுக்குப் பிளக் மாற்றும் தூரத்தை ஏறக்குறைய பாதியாக எடுக்கும்படி ஜப்பானியப் பிளக் கம்பனிகளே சொல்கின்றன. கொழும்பு ஓட்டத்துக்கு என் கணிப்பு இது: சாதாரண நிக்கல் பிளக் 15,000 முதல் 20,000 கிலோமீற்றர், இரண்டு முனையிலும் விலையுயர்ந்த உலோகம் வைத்த லோங் லைஃப் பிளக் 60,000 முதல் 70,000, அதே பிளக் 660 சீசீ எஞ்சினில் 40,000. நடு முனையில் மட்டும் இரிடியம் வைத்து, பக்க முனையை நிக்கலாகவே விட்ட பிளக்குகளும் இரிடியம் என்றே விற்பனையாகின்றன. பொறிக்கு அவை நல்லவைதான். ஆனால் நிக்கல் முனை நிக்கலாகவே தேயும், ஆகவே ஒரு இலட்சத்தை அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது.

தேய்மானத்தை எண்ணில் பார்த்தால், நிக்கல் பிளக்கின் இடைவெளி ஆயிரம் கிலோமீற்றருக்கு 0.01 மில்லிமீற்றர், சில வேளை அதற்கும் கொஞ்சம் மேலாக விரியும். 1.1 இல் தொடங்கியது 30,000 ஓடிய பின் 1.4 ஐத் தாண்டி நிற்கும். கையிருப்பைத் தின்பது இந்த 0.3 தான்.

பெட்டியில் உள்ள எழுத்துகள்

என்ஜிகே பிகேஆர்5இவைஏ-11 என்ற பிளக்கை எடுத்துக்கொள்வோம். ஆர் என்றால் உள்ளே மின்தடை உண்டு, வானொலியையும் ஈசீயூவையும் இரைச்சலிலிருந்து காப்பது அது. 5 என்பது வெப்ப எண். இ என்றால் மரையின் நீளம் 19 மில்லிமீற்றர். கடைசி 11 என்பது இடைவெளி 1.1 மில்லிமீற்றர். டென்ஸோவில் இதற்கு இணையான வெப்ப எண் 16. என்ஜிகே 6 என்றால் டென்ஸோ 20, 7 என்றால் 22.

வெப்ப எண்ணில் ஒரு சிக்கல் இருக்கிறது. என்ஜிகேயிலும் டென்ஸோவிலும் எண் கூடக் கூடப் பிளக் குளிர்ச்சியானது, அதாவது சூட்டை வேகமாக எஞ்சின் தலைக்குக் கடத்துவது. பொஷ்ஷிலும் சாம்பியனிலும் நேர் எதிர். எண்ணை மட்டும் பார்த்து ஒரு கம்பனியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் எஞ்சினுக்குப் பொருந்தாத பிளக் வந்து சேரும். மரை நீளத்தில் பிழை விட்டால் இன்னும் மோசம். நீளம் கூடினால் பிஸ்டனில் முட்டக்கூடும். குறைந்தால் வெறுமையாகக் கிடக்கும் மரையில் கரி இறுகி, பிறகு சரியான பிளக்கே ஏறாது.

கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் எல்லாமே கிடைக்கும். போலியும் கிடைக்கும். பெட்டியைவிடப் பிளக்கைப் பாருங்கள். நல்ல பிளக்கில் மரை வழவழப்பாக, ஒரே சீராக இருக்கும். நடு முனையும் பக்க முனையும் நேருக்கு நேர் நிற்கும். பீங்கானில் உள்ள எழுத்து தெளிவாக இருக்கும், நகத்தால் சுரண்டினாலும் போகாது. என்ஜிகேயின் வோஷர் மரையில் பூட்டினாற்போல் இருக்கும், கையால் இலேசாகக் கழன்று வந்தால் சந்தேகிக்கலாம். பிறகு மல்டிமீற்றர். மேல் முனைக்கும் நடு முனைக்கும் இடையில் மின்தடைப் பிளக் பெரும்பாலும் 3 முதல் 7.5 கிலோ ஓம் காட்டும். பூச்சியமோ முடிவிலியோ காட்டினால் அதைப் போட வேண்டாம். நாலையும் அளந்து நாலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடைக்காரரிடம், "அண்ணன், மீற்றர் வச்சுப் பாத்திட்டு எடுக்கலாமோ?" என்று கேட்டால் நேர்மையான கடையில் மறுக்கமாட்டார்கள்.

மாற்றும் விதம்

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு திருகினால் அலுமினியத் தலையின் மரை பிளக்கோடு சேர்ந்து வந்துவிடும், அதன் பிறகு செலவு பல மடங்கு. சாவியை நிறுத்தி எடுத்துவிடுங்கள். அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் என்றால் ரெடி விளக்கு அணைந்திருப்பதை உறுதிசெய்து, ஸ்மார்ட் சாவியைக் காரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். ரெடியில் இருக்கும் ஹைபிரிட் தன்பாட்டில் எஞ்சினைச் சுற்றத் தொடங்கும், கை உள்ளே இருக்கும்போது அது நடக்கக் கூடாது. இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஓடும் எஞ்சினின் கொயில் பக்கம் போகவே வேண்டாம்.

கொயிலின் இணைப்பானில் உள்ள பூட்டுத் துண்டு சூட்டில் காய்ந்து பிஸ்கட் மாதிரி இருக்கும். அமுக்கி, மெல்ல ஆட்டி எடுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் துண்டு உடையும், பிறகு அது தளர்ந்து தானே ஒரு மிஸ் அடிக்கும் காரணமாகும். கொயிலைப் பிடித்திருக்கும் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 10 மில்லிமீற்றர் சொக்கெட். கொயிலை முதலில் கால் சுற்றுத் திருப்பிப் பிடி தளர்த்திய பிறகு நேர் மேலே தூக்க வேண்டும்.

பிளக்கைத் தொடுவதற்கு முன் அந்தக் குழிக்குள் காற்று அடிக்க வேண்டும். கம்பிரசர் இல்லாவிட்டால் சைக்கிள் பம்பில் ஒரு மெல்லிய குழாய் பூட்டினால் போதும். மேலே கிடக்கும் மணலும் துருவும் பிளக் கழன்ற உடனே சிலிண்டருக்குள்தான் விழும். பிளக் சொக்கெட் பழைய வகைகளுக்கு 20.8, பெரும்பாலானவற்றுக்கு 16, சில புதிய எஞ்சின்களுக்கு 14 மில்லிமீற்றர். கழற்றியவற்றைச் சிலிண்டர் வரிசையிலேயே ஒரு பலகையில் அடுக்குங்கள். கராஜில் செய்விப்பதாக இருந்தாலும், "பாஸ், கழட்டின பிளக்க வரிசையிலயே வையுங்கோ, நான் பாக்கவேணும்" என்று தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள். குவியலாகக் கிடக்கும் நாலு பிளக்கில் எது எந்தச் சிலிண்டர் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

புதியதைச் சொக்கெட்டில் வைத்து ராட்செட்டால் தொடங்கவே கூடாது. பெற்றோல் குழாய்த் துண்டு ஒன்றைப் பிளக்கின் தலையில் செருகி, விரலால் சுழற்றி இறக்குங்கள். மரை பிழையாகப் பிடித்தால் குழாய் வழுக்கும், தலை தப்பும். கையால் முழுவதும் இறங்கி வோஷர் தொட்ட பிறகே இறுக்குவது. 14 மில்லிமீற்றர் மரை, அலுமினியத் தலை என்றால் என்ஜிகே சொல்வது 25 முதல் 30 நியூட்டன் மீற்றர், 12 மில்லிமீற்றருக்கு 15 முதல் 20. காரின் புத்தகம் அதைவிடக் குறைத்துச் சொன்னால் புத்தகத்தின் பக்கம் நில்லுங்கள், டொயோட்டாவின் 1.5 லீற்றர் 1என்இசட் எஞ்சினுக்கு 18 போதும். டோர்க் ஸ்பனர் இல்லை என்றால் கோணத்தால் செய்யலாம். புதுப் பிளக்குக்கு வோஷர் தொட்ட பின் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று. ஏற்கெனவே நசிந்த வோஷர் உள்ள பழைய பிளக்குக்குப் பன்னிரண்டில் ஒரு சுற்றே.

மரைக்கு கிரீஸோ செப்புப் பசையோ பூசும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. பூச்சுப் பூசிய மரையுள்ள இன்றைய பிளக்குகளுக்கு அது வேண்டாம் என்று என்ஜிகே தெளிவாகச் சொல்கிறது. வழுக்கல் கூடும்போது அதே கை விசையில் பிளக் அளவுக்கு மேல் இறுகி, உடல் இழுபட்டு, பீங்கான் தளரும். தளர இறுக்குவதும் பிழைதான். பிளக் தன் சூட்டைத் தலைக்குக் கடத்துவது வோஷரும் மரையும் வழியாக. அது தளர்ந்தால் முனை கொதித்து, பொறிக்கு முன்பே கலவையை எரிய வைக்கும்.

இரிடியம் முனையைக் கம்பித் தூரிகையால் தேய்க்கக் கூடாது, நாணய வடிவ கேஜை இடையில் செருகித் திருகவும் கூடாது. 0.4, 0.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள அந்த ஊசி முனை முறிந்துபோகும். கம்பி கேஜால் அளந்து பார்த்தால் போதும். கீழே விழுந்த புதுப் பிளக்கை, வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும், போடாதீர்கள்.

ரப்பர் பூட்டின் வாயின் உட்புறத்தில் மட்டும் சிலிக்கோன் டைஎலெக்ட்ரிக் கிரீஸ், ஒரு பருப்பளவு. ஈரம் ஏறாது, அடுத்த முறை கழற்றும்போது ரப்பர் பீங்கானோடு ஒட்டிக் கிழியாது.

கழற்றியது சொல்வது

மூக்கு வெளிர் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் நல்லது. காய்ந்த கரி என்றால் பெற்றோல் கூடிய கலவை, அடைத்த எயார் ஃபில்டர், பலவீனமான பொறி அல்லது வெறும் குறுந்தூர ஓட்டம். ஈரமான எண்ணெய்க் கரி என்றால் பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ எண்ணெயை உள்ளே விடுகிறது, பிளக் மாற்றி அது தீராது. பெற்றோலில் நனைந்து வந்தால் அந்தச் சிலிண்டரில் பொறியே இல்லை. சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, கொப்புளம் கட்டியிருந்தால் அளவு மீறிய சூடு. கலவை மெலிந்திருக்கலாம், பிளக் தவறான வெப்ப எண்ணாக இருக்கலாம், தளர்ந்தும் இருந்திருக்கலாம். செங்கல் நிறப் படிவு என்றால் ஒக்டேன் கூட்டும் திரவம் ஏதோ பெற்றோலில் கலக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

நாலும் ஒரே நிறமாக இருந்தால் காரணம் பொதுவானது. ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தச் சிலிண்டரைத் தேடுங்கள். வரிசையில் அடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

பீங்கானில், உலோக உடலுக்குச் சற்று மேலே, பழுப்பு நிற வளையம் ஒன்று பல பிளக்குகளில் தெரியும். "பிளக் லீக் அடிக்குது, இதாலதான் மிஸ்" என்று அதைக் காட்டுவார்கள். அது வாயுக் கசிவு இல்லை. உயர் மின்னழுத்தம் சுற்றியுள்ள காற்றில் இருக்கும் எண்ணெய்த் துகள்களை இழுத்து ஒட்டவைத்த கறை. அதனால் எந்தப் பாதகமும் இல்லை. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: பீங்கானின் மேல் நெடுக்காக ஓடும் மெல்லிய கருங்கோடு. பொறி வெளிப்புறமாக ஓடிய தடம் அது. அதே கோடு பூட்டின் உட்புறத்திலும் இருக்கும். பிளக்கை மட்டும் மாற்றி அந்த ரப்பர் பூட்டை விட்டால் புதுப் பிளக்கிலும் பொறி பழைய தடத்திலேயே ஓடும். இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

குழிக்குள் எண்ணெய் நின்றால் டாப்பெட் கவரின் பிளக் குழாய் சீல் போயிருக்கிறது. எண்ணெயில் ஊறிய ரப்பர் உப்பி, காப்பை இழக்கும். சீலை மாற்றாமல் கொயில் மாற்றுவது காசைக் கரைப்பது.

கொயிலா, வேறெதுவுமா

எல்லாச் சிலிண்டரிலும் பொறி இல்லை என்றால் மேலே தேடுங்கள்: ஃபியூஸ், கொயிலுக்கு வரும் 12 வோல்ட், கிராங்க் சென்சர், இம்மொபிலைசர். ஒன்றில் மட்டும் இல்லை என்றால் கீழே: அந்தக் கொயில், அந்த பூட், அந்தப் பிளக், அதன் இணைப்பான்.

ஸ்கேனரில் வரும் பிழை எண் பி0301 என்றால் முதலாம் சிலிண்டர் மிஸ், பி0302 இரண்டாம் சிலிண்டர், அப்படியே தொடரும். பி0300 என்றால் மாறி மாறி ஒன்றுக்கு மேற்பட்ட சிலிண்டர்களில். பி0351 முதல் தொடங்குபவை கொயிலின் மின்வழியைக் குறிப்பவை. டொயோட்டா கொயில்களின் நான்கு வயர்களில் ஒன்று ஈசீயூவின் கட்டளையைக் கொண்டுவரும், இன்னொன்று "பொறித்தேன்" என்ற பதிலைத் திருப்பி அனுப்பும். பழைய டொயோட்டாக்களில் வரும் பி1300 அந்தப் பதில் வராததற்கான எண். அப்போது ஈசீயூ பெற்றோலையே நிறுத்திவிடும், ஆகவே இன்ஜெக்டரைக் குற்றம் சொல்லிக் கழற்ற வேண்டாம். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த பழைய கார்களோடு மலிவான ப்ளூடூத் கருவிகள் பேசாமலும் போகலாம்.

காசில்லாத சோதனை இடம் மாற்றுவது. முதலாம் சிலிண்டரின் கொயிலை இரண்டாவதுக்கு மாற்றி, ஸ்கேனரில் பிழை எண்ணை அழித்து, சுமையோடு ஓட்டுங்கள். பி0302 வந்தால் கொயில்தான். பி0301 ஆகவே நின்றால் பிளக்கை இடம் மாற்றுங்கள். அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டர், பிறகு கம்பிரஷன். சுமையில் மட்டும் வரும் மிஸ் பெரும்பாலும் இக்னிஷன். சும்மா நிற்கும்போது மட்டும் வந்து ஓட்டத்தில் மறைவது பெரும்பாலும் காற்றுக் கசிவு. சூடேறிய பின் வந்து, ஆறியதும் போவது கொயிலின் உள்ளே விரிசல் விடும் காப்பின் குணம். கார் ஆறியிருக்கும் காலையில் கராஜுக்குக் கொண்டுபோய்க் காட்டினால் எதுவும் தெரியாது. பவர் டிரான்சிஸ்டர் உள்ளேயே இருக்கும் கொயில்களை ஓம் மீற்றரால் அளந்து நல்லது கெட்டது சொல்ல முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் பார்த்துச் செய்யலாம். மின்னி மின்னி எரிந்தால் அக்சிலேட்டரை விட்டு, ஓரங்கட்ட வேண்டும். எரியாத பெற்றோலும் ஒட்சிசனும், புகையைச் சுத்தமாக்கும் கட்டலிற்றிக் கொன்வேர்ட்டருக்குள் போய் அங்கே எரிகின்றன என்பதற்கான எச்சரிக்கை அது. உள்ளே உள்ள தேன்கூட்டுப் பீங்கான் உருகினால், நாலு கொயிலின் விலையையும் அது தாண்டும். ஹொண்டா ஃபிட்டின் முதல் தலைமுறை 1.3 லீற்றரில் சிலிண்டருக்கு இரண்டாக எட்டுப் பிளக், எட்டுக் கொயில். அதில் ஒரு பொறி போனாலும் மற்றது தாங்கும், ஓட்டுபவருக்கு நீண்ட நாள் தெரியாது. பின் வரிசை நாலும் கைக்கு எட்டாத இடத்தில் என்பதால் முன் நாலை மட்டும் மாற்றிக் கொடுக்கும் வேலையும் நடக்கிறது. எட்டுப் பழைய பிளக்கையும் எண்ணி வாங்குங்கள்.

புதிய மலிவுப் பிரதிக் கொயிலா, ஜப்பானிலிருந்து கழற்றி வந்த பாவித்த அசலா என்ற கேள்வி பஞ்சிகாவத்தையில் நிச்சயம் வரும். புதிய அசல் வாங்க முடியாதபோது நான் பாவித்த அசலின் பக்கம். இணைப்பானின் பூட்டு முழுதாக இருக்க வேண்டும், உடலில் வெடிப்போ கறுத்த புள்ளியோ இருக்கக் கூடாது, பூட் புதிதாகத் தனியே வாங்கி மாட்டப்பட வேண்டும்.

மழை, கடல், சேர்விஸ் ஸ்டேஷன்

கடலோரத்தில் நிறுத்தும் காரில் உப்பு முதலில் தாக்குவது ஏர்த் இணைப்பை. எஞ்சினைச் சுற்றும்போது பற்றரியின் மறை முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையில் மல்டிமீற்றர் வைத்துப் பாருங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏர்த் வயரைக் கழற்றி, இரு முனையையும் உலோகம் தெரியத் தேய்த்துப் பூட்ட வேண்டும். பற்றரி ஓய்வில் 12.6, சுற்றும்போது 9.6 க்குக் குறையாமல், ஓடும்போது 13.8 முதல் 14.5. இவை குறைந்தால் கொயிலின் கையிருப்பும் குறையும், கொயிலில் பிழையே இல்லாவிட்டாலும்.

சேர்விஸ் ஸ்டேஷனில் உயர் அழுத்தத் தண்ணீரை எஞ்சினின் தலையில் அடிக்க விடாதீர்கள். குழிக்குள் நின்ற தண்ணீர் அன்றைக்கே ஒன்றும் செய்யாமல், மறுநாள் மிஸ் அடிக்கும், ஒரு வருடத்தில் பிளக்கைத் துருப்பிடிக்க வைத்துத் தலையோடு ஒட்டவைக்கும். ஒக்டோபர், நவம்பர் மாலை மழையில் வெள்ளத்தில் நின்றுவிட்ட கார் என்றால் மறுபடி சாவி திருப்பக் கூடாது. எயார் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே ஈரம் என்றால் பிளக்குகளைக் கழற்றிய பிறகே எஞ்சினைச் சுற்றலாம். தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கொன் ரொட் வளையும்.

ஒரே கொயிலின் மின்னழுத்தத்தைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டர் உள்ள பழைய கார்கள், மொரிஸ் மைனர் முதல் தொண்ணூறுகளின் கொரொல்லா வரை, மழைக்கு இன்னும் கூச்சப்படும். மூடியின் உட்புறத்தைக் காய்ந்த துணியால் துடைத்து, மெல்லிய கருங்கோடு இருக்கிறதா, நடுவிலுள்ள கரித் துண்டு ஸ்பிரிங்கோடு அசைகிறதா என்று பாருங்கள். இரவில் போனட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, எட்ட நின்று தெளிப்பானால் பனிபோல் தண்ணீர் விட்டால், கசியும் வயர் நீலமாகக் காட்டிக்கொடுக்கும். வயர் ஒன்றின் தடை 25 கிலோ ஓமைத் தாண்டினால் மாற்றுங்கள் என்பது டொயோட்டாவின் அளவு. மொரிஸ் மைனரில் பொயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர், பிளக் 0.64, வெடி ஒழுங்கு 1-3-4-2. பொயின்டைச் சரிசெய்த பிறகே டைமிங். இடைவெளி மாறினால் டைமிங்கும் கூடவே மாறும், ஆகவே வரிசையை மாற்றினால் இரண்டு வேலையும் வீண். பொயின்ட் அடிக்கடி கருகினால் கொண்டென்சரை மாற்றுங்கள்.

95 ஒக்டேன் பற்றியும் சொல்லவேண்டும். ஒக்டேன் எண் பொறியைப் பலப்படுத்தாது. கலவை தானாக வெடிக்காமல் தாங்கும் திறனைத்தான் அது குறிக்கிறது. ஜப்பானின் ரெகுலர் பெற்றோலின் தரநிலை குறைந்தது 89 ஒக்டேன். அதற்காகச் செய்த எஞ்சினுக்கு இங்குள்ள 92 தாராளம். தேய்ந்த பிளக்கை 95 ஆல் ஈடுசெய்ய முடியாது. பெற்றோல் தாங்கியின் மூடியில் பிரீமியம் என்று எழுதியிருக்கும் கார்களுக்கு 95 ஐயே அடியுங்கள்.

வருமான அனுமதிப்பத்திரத்துக்காக எடுக்கும் புகைப் பரிசோதனைத் தாளை எறிந்துவிடாதீர்கள். அதில் ஹைட்ரோகாபன் அளவும் காபன் மொனொக்சைட் அளவும் இருக்கும். இரண்டும் சேர்ந்து கூடியிருந்தால் பெற்றோல் கூடிய கலவை. காபன் மொனொக்சைட் குறைவாக இருந்து ஹைட்ரோகாபன் மட்டும் ஏறியிருந்தால் எங்கோ ஒரு சிலிண்டரில் கலவை எரியாமல் வெளியேறுகிறது. கடந்த வருடத் தாளை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். சித்தி எய்திய தாளாக இருந்தாலும் ஹைட்ரோகாபன் இரண்டு மடங்காகியிருந்தால் பிளக்கைக் கழற்றும் நேரம் வந்துவிட்டது. பரிசோதனை சுமையில்லாமல் நடப்பது, மேம்பாலம் அங்கே இல்லை. மாற்றிய அன்றைய திகதியையும் மீற்றர் எண்ணையும் பிளக்கின் இலக்கத்தையும் அந்தத் தாளின் பின்புறத்திலேயே எழுதி வையுங்கள், அடுத்த வருடம் தேட வேண்டியிருக்காது.